பல்லைப் பிடிக்காம மாடு வாங்கறவன்

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. ஜமுனாமரத்தூர் டீக்கடை முழுக்க உன் பேச்சுதான். ஜப்பான்லேர்ந்து காரு இறக்கப் போறியாமே. ரெண்டே சீட்டு, கூரையைத் தொறந்து மூடிக்கலாமாம். சாமை மூட்டையை எங்கடா வெப்ப? சரி, மடியில வெச்சுக்க. உங்க பாட்டியை எங்க வெப்ப? அது கூடப் பரவால்ல, எனக்கும் நிம்மதி.

புரோக்கரு யாரு? வாட்சப்புலதான் பழக்கமா! அப்ப தங்கமான மனுசன்தான். நேர்ல பாத்தாத்தானே குறை தெரியும்.

எங்க, போட்டோவைக் காட்டு. அட, செவப்பா, தவளை மாதிரி முன் கண்ணைத் தூக்கிக்கிட்டு இன்னா அழகு! மாஸ்டா ரோட்ஸ்டரா? 1989ல வந்த ஜாதி. உங்கப்பன் மீசை அரும்பாத காலம். மூணரை லட்சம்தான்றானா? குறைச்சலாத்தான் சொல்றான். இந்தப் போட்டோவைப் பாக்கறதுக்குப் பதிலா காவலூருக்குப் போயேன். 1986லேர்ந்து அங்க 2.34 மீட்டர் கண்ணாடி வெச்ச தொலைநோக்கி நிக்குது. தூரத்துல இருக்கறதை அங்க அட்வான்ஸ் கேக்காம காட்டறாங்க.

அவன் சொல்றது முழுப் பொய்யின்னு நான் சொல்லல. ஜப்பான்ல பழைய காரு சல்லிசுதான். புதுக் காருக்கு மூணாவது வருஷம், அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ‘ஷாக்கென்’னு ஒரு சோதனை. அந்தச் செலவுக்குப் பயந்தே நல்லா ஓடற வண்டியை ஏலத்துக்குத் தள்ளிவிடறவன் உண்டு. அவனும் நம்மளை மாதிரி ரோட்டுல இடது பக்கம் போறவன், ஸ்டியரிங் வலது பக்கம். பத்துப் பொருத்தமும் இருக்கு. கல்யாணம்தான் நடக்காது.

ஏன்னு கேளு. முப்பது வருஷம் லாரி ஓட்டி, பம்பாய் துறைமுக வாசல்ல நாள்கணக்குல படுத்துக் கெடந்தவன்டா நான். வெளிநாட்டுப் பழைய காரை இங்க இறக்கணும்னா, செஞ்ச தேதியிலேர்ந்து மூணு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது. அதுவும் பம்பாய் துறைமுகம் வழியாத்தான் வரணும். அமெரிக்காக்காரன் சட்டம் நேர் எதிரு. அங்க ஊருக்குள்ள விக்காத மாடலா இருந்தா 25 வயசு தாண்டினாத்தான் லேசா உள்ள விடறான். அவன் கிழட்டு மாடு கேக்கறான், நம்ம சர்க்கார் கன்னுக்குட்டி கேக்குது. கன்னுக்குட்டி விலை இன்னான்னு உன் புரோக்கரைக் கேட்டுப் பாரு. விலைக்கு மேல சுங்கம். நூறு ரூபா சாமானுக்கு நூறுக்கு மேல வரி. மாடு ஒண்ணு வாங்கினா கூடவே இன்னொரு மாட்டை சர்க்காருக்கு ஓட்டிவிட்டு வரணும்.

‘சிலோன்ல தெருவுக்குத் தெரு ஜப்பான் காருதானே தாத்தா’ன்னு இழுக்காத. நெசம்தான். அங்கேயே 2020ல டாலர் முடைன்னு இறக்குமதியை நிறுத்தினவங்க, 2025லதான் கதவைத் தொறந்தாங்க.

இதையெல்லாம் சொன்னா அவன் குரலைத் தாழ்த்துவான் பாரு. ‘பூட்டான் வழி ஒண்ணு இருக்கு, பேப்பர் எல்லாம் பக்கா’ன்னு சொல்வான். போட்டும். 2025 செப்டம்பர்ல கேரளாவுல சுங்கத்துக்காரங்க அந்த வழியா வந்த காருங்களைத் தேடி ஒரு வேட்டை போட்டாங்க. ‘நும்கோர்’னு பேரு, பூட்டான் பாஷையில வண்டின்னு அர்த்தம். சினிமா நடிகருங்க வீட்டு வாசலையே விடல. அவங்களுக்கு வக்கீல் இருக்கான். உனக்கு நான்தான் இருக்கேன், எனக்கு மூட்டு வலி.

ஏலச்சீட்டு அனுப்பியிருக்கானா? குடு, குடு. இதாண்டா நான் தேடினது. கேளூர் சந்தையில நான் மாட்டுக்குச் சுழி பாப்பேன் இல்ல, அந்த மாதிரி ஜப்பான்காரன் காருக்குச் சுழி எழுதி வெச்சிருக்கான். ‘ஏ’ போட்டா கீறல், ‘யூ’ போட்டா பள்ளம், ‘டபிள்யூ’ போட்டா தட்டி நிமித்தின எடம். நாலரை மதிப்பெண் வாங்கினது நல்ல பிள்ளை. ‘ஆர்’னு போட்டிருந்தா முட்டி மோதி ஒக்குட்டது. மதிப்பெண் போடற எடத்துல உன் ஆளு பெருவிரலை வெச்சு போட்டோ எடுத்திருக்கான் பாரு. கை நடுங்கிச்சோ இன்னாவோ.

அப்படியே வந்தாலும், ஆலங்காயத்துலேர்ந்து ஏறி வர்ற வளைவுங்களை நினைச்சுக்க. அதோட வயித்துக்கும் தரைக்கும் ஒரு சாண் இடைவெளி கூட இருக்காது. மொத வேகத்தடையில தவளை வயிறு கிழியும். உள்ளடங்கின நம்ம கொட்டாய்ங்களுக்கு டோலி கட்டித் தூக்கிப் போன தோள் இன்னும் இருக்கு. உன் காரையும் தூக்கிடுவோம், கவலைப்படாத.

ஜப்பான் பேருதான் வேணும்னா 1998லேர்ந்து நம்ம திருவள்ளூர்லயே லேன்சர் செஞ்சானுங்க. ராலி ஓட்டினவங்க அதையும், பின்னால வந்த சீடியாவையும் வெச்சுக்கிட்டு எத்தனை வருஷம் புழுதி கிளப்பினாங்க! கோப்பையை மட்டும் பாத்துட்டு வந்துடாத, பாகம் எங்க கெடைக்கும்னு மொதல்ல விசாரி. வேகம்தான் வேணும்னா இருங்காட்டுக்கோட்டையில 1990லேர்ந்து ஓடுபாதை இருக்கு. டிக்கெட்டு வாங்கி வேடிக்கை பாரு. உனக்கும் காசு மிச்சம், எனக்கும் கதை மிச்சம்.

இன்னா, மூஞ்சி சுருங்கிடுச்சு? அட்வான்ஸ் ஏற்கெனவே குடுத்துட்டியா? பாட்டிகிட்ட வாங்கியா!

சரி, நான் சொல்லிக்குடுக்கமாட்டேன். ஒண்ணு பண்ணு. அந்த ஆளை ஒரு நாள் மலைக்கு வரச் சொல்லு, மிச்சப் பணம் தாத்தா கையிலதான்னு சொல்லு. நான் என் துண்டை எடுத்துக்கிட்டு வரேன். துண்டுக்கு அடியில அவன் விரலைப் பிடிச்சுப் பாக்கணும்.