பாடி, போர், செல்ஃப்: சேலம்–நாமக்கல் சமவெளியில் ஆங்கிலம் படும் பாடு குறித்த முதற்கட்ட ஆய்வு

ஆங்கிலச் சொற்கள் பாமர மக்களைக் குழப்புகின்றன என்பது படித்தவர்களிடையே நெடுநாளாக நிலவும் கருத்து. இக்கட்டுரை அதை மறுக்கிறது. சங்ககிரி தொடங்கி நாமக்கல் வரை லாரிப் பட்டறை, கோழிப்பண்ணை, டீக்கடை பெஞ்சு ஆகிய ஆய்வுக்கூடங்களில் காதால் திரட்டிய சான்றுகளின்படி, இந்தச் சொற்களால் இங்கே குழம்புகிறவர் ஒரே வகையினர்தான்: ஆங்கிலம் தெரிந்தவர்கள்.

துறையின் முன்வரலாற்றைச் சொல்லாமல் ஆய்வைத் தொடங்குவது மரபல்ல. 1916இல், சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, நண்பர்களுடன் சேர்ந்து தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை நிறுவினார். ரசாயனம், பௌதிகம், தாவரவியல் சொற்களுக்கெல்லாம் தமிழ் கண்டுபிடிப்பது சங்கத்தின் வேலை. அவரே பிறகு 1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்துக் குடியேறினார். அப்போது எல்லாம் ஒரே சேலம் ஜில்லா. நாமக்கல் தனியே பிரிந்தது 1997இல்தான். ரசாயனத்துக்குச் சொல் தேடியவர்கள் ரேடியேட்டருக்குத் தேடவில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை, லாரித்தொழில் அப்போது இந்தப் பக்கம் தலைகாட்டியிருக்கவில்லை. அந்தப் பொறுப்பு பின்னாளில் பட்டறைக்காரர்கள் தலையில் விழுந்தது. இரு தரப்புக்கும் ஆய்வு முறையில் ஒரு வேறுபாடு உண்டு. சங்கம் பொருளை அப்படியே வைத்துச் சொல்லை மாற்றியது. பட்டறை சொல்லை அப்படியே வைத்துப் பொருளை மாற்றியது.

முதலில் பாடி. கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸாக வந்து நிற்கும் வண்டிக்கு மரமும் இரும்பும் தகரமும் கொண்டு உடம்பு கட்டித் தருவது நாமக்கல்லின் பேர்பெற்ற தொழில். வெளிமாநிலத்து வண்டிகளும் இங்கே வந்து பாடி கட்டிக்கொண்டு போகின்றன. பெயர்ப்பலகையில் 'பாடி பில்டர்ஸ்' என்று பார்த்துவிட்டு உடற்பயிற்சிக்கூடம் என்று நினைப்பது தொடக்கநிலைக் குழப்பம். அதை ஆய்வுலகம் பொருட்படுத்துவதில்லை. கவனிக்க வேண்டியது தொலைபேசி உரையாடல்.

"ஏனுங்ணா, பாடி எப்பங்ணா எடுக்கலாம்?"

"ராகுகாலம் கழியட்டும் தம்பி. மாலை வாங்கியாச்சா?"

"ஆச்சுங்ணா. கற்பூரமும் வாங்கியாச்சு."

இது வரைக்கும் பக்கத்தில் நின்று கேட்பவர், இழவுவீடு எந்தத் தெருவில் என்று விசாரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். "டயருக்கு எலுமிச்சம்பழம்?" என்று கேட்ட பிறகே அவருக்கு மூச்சு வரும். பேசிய இருவருக்கும் ஒரு கணமும் ஐயம் எழவில்லை என்பதைக் குறித்துக்கொள்க.

அடுத்தது போர். இது மேலும் ஆழமானது. சில இடங்களில் ஆயிரம் அடி தாண்டும். திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் இந்தியா முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன என்பதால் இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சொல்லாகக் கருதலாம். சிக்கல் என்னவென்றால், ஆங்கிலப் போர் வருவதற்கு முன்பே தமிழில் இரண்டு போர் இருந்தன: ஒன்று புறநானூற்றில், ஒன்று களத்துமேட்டில். 'காட்டுல போர் போட்டிருக்குது' என்றால் குழி தோண்டியதா, வைக்கோலைக் குவித்ததா? கீழே போனதா, மேலே வந்ததா? (காடு என்றால் இங்கே விளைநிலம், யானை வராது.) விடை எளிது. சொன்னவர் முகத்தைப் பார்க்க வேண்டும். முகம் தொங்கியிருந்தால் ஆழ்துளைக் கிணறு, அதுவும் புகை மட்டும் வந்த கிணறு. அதற்கான செலவைப் பங்காளிகள் பிரித்துக்கொள்ள உட்காரும்போது புறநானூற்றுப் பொருளும் சேர்ந்துகொள்கிறது.

செல்ஃப் என்பதில் தத்துவத் துறையினர் தலையிட வாய்ப்பிருப்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'செல்ஃப் எடுக்கல' என்றால் பேட்டரி இறங்கிவிட்டது. தான் என்பது எழவில்லை; நாலு பேர் பின்னால் வந்து தள்ளினால் எழும். உபநிடத உரைகாரர்கள் பலர் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஸ்டெப்னியை மட்டும் தனி வகையில் வைக்க வேண்டும். இது ஊர் பேர் தெரியாமல் வந்த சொல் அல்ல. ஆரம்பகால மோட்டார் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. 1904இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரத்தில், ஸ்டெப்னி தெருவில் இருந்த டேவிஸ் சகோதரர்கள் அதைச் செய்து விற்றார்கள். தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்தது. பிரேசில்காரர்களும் அதையேதான் 'எஸ்டெப்பே' என்கிறார்கள். இங்கிலாந்தில் சொல் செத்துப் பல காலமாகிறது. இன்று லண்டன் மெக்கானிக்கிடம் 'ஸ்டெப்னி எங்கேங்க?' என்று கேட்டால் கிழக்கு லண்டனில் ஒரு பேட்டைக்கு வழி காட்டுவார். அவர்களே தொலைத்துவிட்ட ஆங்கிலத்தை வள்ளிபுரம் பஞ்சர் கடை பத்திரமாக வைத்திருக்கிறது என்பது இந்த ஆய்வின் பக்கவிளைவான கண்டுபிடிப்பு.

சேலத்துக்குப் போனால் செட். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான். 400க்கு மேற்பட்ட பொருள்கள். அத்தனை சொன்னவர்கள், இரண்டு தட்டுவடைக்கு நடுவே காரச் சட்னியும் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்து மூடினால் அதற்கும் இதே பெயர் என்பதை விட்டுவிட்டார்கள். அகராதிக்காரர்கள் சாயங்காலத்தில் சேலம் வந்ததில்லை போலும். மைக் செட், பம்பு செட், பேண்டு செட் ஆகியவற்றையும் அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

மேற்சொன்ன கருதுகோளுக்கு அடங்காத சொல் ஒன்று உண்டு: மைனஸ். முட்டைக்கு விலை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982இல் ஏற்பட்டது. நாளிதழில் வருவது அந்த விலை. வியாபாரி பண்ணைக்கு வந்து நெடுங்காலம் எடுத்துவந்தது அதற்குக் கீழே சில பைசா குறைத்து. அந்தக் குறைப்பின் பெயர் மைனஸ். 'இன்னைக்கு மைனஸ் எவ்ளோங்க?' என்று பண்ணைக்காரர்கள் கேட்டுக்கொண்டபோது யாரும் சிரித்ததில்லை. மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். மக்காச்சோளம், சோயா விலை ஏறிய மாதத்தில் இந்தக் கணக்கைப் பண்ணையில் போட்டுப் பார்த்தவர்களுக்குப் பிளஸ் கிடைக்கவில்லை. இங்கே குழம்புவது ஆங்கிலம் தெரிந்தவரும் தெரியாதவரும் சமமாக. கருதுகோள் இந்த இடத்தில் உடைகிறது என்பதை நேர்மையாகப் பதிவுசெய்கிறேன்.

இத்துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்ய விரும்புகிறவர்கள் 'கிளீனர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ரிவர்ஸ் எடுக்கும்போது 'வரட்டும், வரட்டும்' என்பவரும், தார்ப்பாய் கட்டுபவரும், டிரைவர் தூங்கிவிடாமல் ராத்திரி முழுக்கப் பேச்சுக்கொடுப்பவரும் அவரே. எதைத் துடைத்ததால் அந்தப் பெயர் வந்தது என்று ஆராய நிறைய இடமிருக்கிறது. தலைப்பு இன்னும் காலியாகத்தான் உள்ளது. வண்டியிலும் அந்த இடம் காலிதான், ஆள் கிடைப்பதில்லையாம்.