ஒரு கிணறு, இரண்டு கப்பி

எங்கள் பூர்வீக வீட்டுப் புறவாசலில் நின்று பார்த்தால் பனைகளின் தலைக்கு மேலே மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் தெரியும். 192 அடி உயரம். தேரி மணலில் வெயில் தாளாமல் நடந்து வருகிறவனுக்கு அது கண்ணில் பட்டுவிட்டால் பாதித் தாகம் அடங்கிவிடும் என்பார்கள். அந்தக் கோபுரம் பார்த்துக்கொண்டிருக்கத்தான் என் அம்மாவும் சித்தியும் ஒரே கிணற்றில், ஒரே நேரத்தில், ஒரு வார்த்தை பேசாமல் பதினான்கு மாதம் தண்ணீர் இறைத்தார்கள்.

சண்டை ஒரு பனைமரத்தால் வந்தது. தாத்தா காலமானதும் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தார்கள். வீடு இரண்டானது, விளை இரண்டானது, பித்தளைப் பாத்திரங்கள்கூட அண்டாவுக்கு அண்டா, குடத்துக்குக் குடம் என்று சரியாகப் பிரிந்தன. பனைகள் மட்டும் பதினொன்று. யாருக்கு ஆறு, யாருக்கு ஐந்து என்று தொடங்கிய பேச்சு, சின்ன வயதில் ஒருவர் சிலேட்டை மற்றவர் உடைத்தது வரைக்கும் பின்னோக்கிப் போய், அங்கிருந்து திரும்பி வர வழி தெரியாமல் அப்படியே நின்றுபோனது. இது 1966இல் நடந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது.

கிணற்றைப் பிரிக்க வழியில்லை. ஆகவே குறுக்கே கிடந்த பனஞ்சட்டத்தில் பழைய கப்பிக்கு இரண்டு முழம் தள்ளி இன்னொரு கப்பி ஏறியது. விடியற்காலை நாலரைக்கு இரண்டு கப்பிகளும் இரண்டு சுருதியில் கிறீச்சிடும். பாயில் கிடந்தபடியே எது அம்மாவின் கப்பி, எது சித்தியின் கப்பி என்று நான் சொல்லிவிடுவேன். இன்றைக்குச் சுவிட்சைத் தட்டினால் மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது, எந்த வீட்டில் தண்ணீர் ஏறுகிறது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிவதில்லை. அந்த வசதியை நான் குறை சொல்லமாட்டேன். காய்த்துப்போன அம்மாவின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் போர்வெல் குழாய்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதில்லை. கயிறுகள் சிக்கிக்கொள்ளும்.

ஒரு மார்கழி இருட்டில் அப்படித்தான் சிக்கியது. இரண்டு வாளிகளும் உள்ளே மோதிச் சுற்றி, கயிறு முறுக்கிக்கொண்டுவிட்டது. இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் இறுகுகிறது. இருவரும் ரொம்ப நேரம் சும்மா நின்றிருக்கிறார்கள். பிறகு சித்திதான் வாயைத் திறந்தாளாம்: "அக்கா, கயிறு சிக்கிட்டு. கொஞ்சம் விட்டுக்குடுங்க." அம்மா, "நீ மேல இழு, நான் விடுதேன்" என்றாளாம். அம்மா இந்தக் கதையைச் சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த 'விட்டுக்குடுங்க'வில் வந்து ஒரு கணம் நிறுத்துவாள். கயிற்றுக்கும் மனசுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற பாஷை நம்முடையது என்பதை அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை.

அன்று மாலையே எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் சாளைக் குழம்பு சித்தியின் மேற்கு வீட்டுக்குப் போனது. தூக்கிக்கொண்டு போனவன் நான். வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது உங்கள் வீட்டிலும் இருந்த சட்டம்தானே? மறுநாள் அந்தக் கிண்ணத்தில் அவித்த பனங்கிழங்கு வந்தது. அதற்காகவே மறுபடி ஏதாவது போகவேண்டியிருந்தது. இப்படியே ஒரு பித்தளைக் கிண்ணம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வருஷக்கணக்காக நடந்தது. அது யார் வீட்டுக் கிண்ணம் என்பது கடைசியில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. இன்றைக்குப் பண்டிகைப் பலகாரம் பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது. "டப்பாவத் திருப்பித் தர வேண்டாம்" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் திரும்பிப் போகிற ஒரு வேலை இல்லாமல் போய்விடுகிறது.

பெண்கள் பேசிவிட்டார்கள், ஆண்கள் பேசவில்லை. சேகரம் என்று பல ஊர்ச் சபைகளைச் சேர்த்துக் கவனிக்கிற குருவானவரான சேகர ஐயர் மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்து கொடுக்க எங்கள் ஊருக்கு வருவார். முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலமே சைக்கிளில் வந்து ஆயத்த ஆராதனை நடத்துவார். மிஷனெரிமார் நம் ஊருக்குக் கொண்டுவந்த இங்கிலாந்து சபையின் 1662ஆம் வருஷத்து ஜெபபுத்தகத்தில் ஒரு விதி உண்டு. ஒருவரோடொருவர் பகை வைத்திருக்கிறவர்கள் ஒப்புரவாகும் வரைக்கும் குருவானவர் அவர்களைத் திருவிருந்துக்குச் சேர்க்கக் கூடாது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் உருவாகிவிட்டிருந்தாலும், பழைய புத்தகத்தின் வாசனை எங்கள் ஐயரிடம் போகவில்லை. அவர் கிழக்கு வீட்டுக்கும் வரவில்லை, மேற்கு வீட்டுக்கும் போகவில்லை. நேரே புறவாசலுக்கு வந்து கிணற்று விளிம்பில் உட்கார்ந்தார். அப்பாவும் சித்தப்பாவும் வந்து ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அவர் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு என்கிட்ட ஒரே ஒரு பாத்திரந்தான் இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் பீடத்தின் முன் இருவரும் அடுத்தடுத்து முழங்காலில் நின்றார்கள். ஒரே வெள்ளிப் பாத்திரம் அப்பாவின் உதட்டிலிருந்து சித்தப்பாவின் உதட்டுக்குப் போனதை நான் பாயில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிப் பார்த்தேன். பதினோராவது பனையின் பதநீரை அந்த வருஷம் இருவருமே எடுத்துக்கொள்ளவில்லை. அதைக் காய்ச்சிய கருப்பட்டி ஓர் ஓலைக் கொட்டானில் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையாகப் போனது. ஏலத்தில் சித்தப்பா கேட்க, அப்பா விலையை ஏற்ற, சித்தப்பா விடாமல் இன்னும் ஏற்ற, ஊரே சிரித்தது. அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் காலத்தை இப்படி எழுதும்போது என் பேனா தானாகவே இனிப்பாகிவிடுகிறது; நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துகிறேன். எங்கள் கிணற்றில் மூன்றாவது கப்பி கட்ட உரிமையில்லாத மனிதர்கள் அடுத்த தெருவிலேயே இருந்தார்கள். அவர்களும் அதே கர்த்தரைத்தான் கும்பிட்டார்கள். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி உபதேசியார் வீட்டுத் திண்ணைக்கு ஓடிவந்த ஓர் அக்காளை, "மன்னிச்சிரு தாயி, நீதான் பொறுக்கணும்" என்று சபைப் பெரியவர்கள் இரவோடு இரவாகத் திருப்பி அனுப்பியதை என் கண்ணால் பார்த்தேன். அடித்தவனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குக் கிருபை என்று பெயர் வைத்தது பாவம். இன்று அப்படி ஓடிவருகிற பெண்ணுக்கு 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, அதை எடுத்துச் சொல்லி உடன் போகிற பெண்கள் சபையிலேயே இருக்கிறார்கள். இதில் இந்தக் காலம்தான் வேதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

1971இல் எனக்குத் திடப்படுத்தல் ஆராதனை. வகுப்பெடுத்த உபதேசியார், பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரனின் கதையைச் சொல்லிவிட்டு, சுண்ணாம்புக் கட்டியால் தரையிலேயே கணக்குப் போட்டார். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. ஒரு மனிதன் ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் உழைத்தாலும் ஏறக்குறைய 1,64,000 வருஷம் ஆகும். அவ்வளவையும் எஜமான் விட்டுக்கொடுத்தான்; வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன் நூறு நாள் கூலிக்காகக் கூட்டாளியின் கழுத்தைப் பிடித்தான். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் மன்னிப்புக்குப் பக்கத்தில் நம் தமிழ் வேதாகமம் 'கடன்' என்ற சொல்லை வைத்திருப்பது இதனால்தான் என்று அவர் சொன்னார். பெட்டிக்கடைப் பற்று நோட்டில் பெயர் இல்லாத வீடே இல்லாத எங்கள் ஊருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எனக்கு மட்டும் தேவைப்பட்டது. மன்னிப்பதற்கு இயேசு பேதுருவிடம் சொன்ன ஏழெழுபது தடவை என்பதைப் பெருக்கி 490 என்று ஒரு நோட்டின் தலைப்பில் எழுதி, சித்தப்பா மகன் என் சைக்கிளைக் கேட்காமல் எடுத்த ஒவ்வொரு தடவையும் மன்னித்துவிட்டு ஒரு கோடு போட்டு வந்தேன். முப்பத்தேழு கோடுகள். அந்தப் பதினாறு வயதுப் பையனை நினைத்தால் இன்று எனக்குப் பாசம்தான் வருகிறது. அவ்வளவு உண்மையாக நல்லவனாக ஆசைப்பட்டிருக்கிறான். உபதேசியார் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக மூடி, "எண்ணிட்டே இருந்தா அது கடன் நோட்டுல்லா தம்பி" என்றார். அன்றைக்கு அந்த நோட்டைக் கிழித்துப் போட்டேன். கிழித்தது நோட்டை மட்டும்தான் என்று தெரிய எனக்கு நாற்பது வருஷத்துக்குமேல் ஆனது.

அம்மா 2013இல் போனாள். கடைசி எட்டு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தாள். அவளை அடக்கம் பண்ணிய மூன்றாம் வாரம், யார் எவ்வளவு செலவழித்தோம் என்று நானும் என் கூடப்பிறந்த தம்பியும் கணக்குப் பார்க்க உட்கார்ந்தோம். உட்கார்ந்திருக்கவே கூடாது. அவன் ஒரு தொகை சொன்னான், நான் பில்களை எடுத்துப் போட்டேன், அவன் எழுந்து போனான். கிணறு அதற்கு முன்பே வற்றித் தூர்ந்துபோயிருந்தது. அதன்மேல் இப்போது ஒரு காம்பவுண்டுச் சுவர் போகிறது. அவன் வீட்டில் ஒரு போர்வெல், என் வீட்டில் ஒரு போர்வெல். அவன் வாசல் கிழக்குத் தெருவில், என் வாசல் மேற்குத் தெருவில். எங்கள் கோயிலும் வளர்ந்து தனிச் சேகரமாகி, ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒன்று, ஒன்பதரைக்கு ஒன்று என்று இரண்டு ஆராதனை நடக்கிறது. அவன் ஏழு மணிக்குப் போகிறான், நான் ஒன்பதரைக்கு. அப்பாவும் சித்தப்பாவும் எவ்வளவுதான் ஆசைப்பட்டிருந்தாலும் இப்படி ஒருவரையொருவர் பார்க்காமல் வாழ்ந்திருக்க முடியாது. எங்களால் முடிகிறது.

குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் தம்பி தினமும் காலையில் ஒரு வேத வசனப் படம் அனுப்புகிறான். நான் கூப்பிய கைகளைப் பதிலாகப் போடுகிறேன். எத்தனையோ வருஷமாக எங்களுக்குள் நடக்கிற பேச்சு இது மட்டும்தான்.

கை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1950இல் வந்த தென்னிந்தியத் திருச்சபையின் ஆராதனை முறையில் ஓர் அழகான காரியம் உண்டு. காணிக்கைக்கு முன்னால் சமாதானம் கொடுப்பார்கள். ஒருவர் தன் வலது உள்ளங்கையை மற்றவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் இடது கையால் அதை மூடிக்கொள்வார்கள். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்த வழக்கம் அது. பீடத்திலிருந்து புறப்பட்டு வரிசை வரிசையாகக் கை மாறிக் கோயிலின் கடைசி ஆள் வரைக்கும் போகும். பனையேறிய கையின் சொரசொரப்பு, மீன் விற்கிற அம்மாவின் கை ஈரம், வாத்தியாரின் சாக்பீஸ் வாசனை எல்லாம் நம் கைக்கு வந்து சேரும். 2020இல் கொரோனாவுக்காக அதை நிறுத்தி, தள்ளி நின்று கைகூப்பினோம். நிறுத்தியது சரிதான். நோய் போன பிறகும் எங்கள் கோயிலில் அந்தக் கை திரும்பி வரவில்லை. பொதுப் பாத்திரமும் வரவில்லை. விரற்கடை உயரச் சின்னக் குப்பிகளில் ஆளுக்கொன்றாகத் திராட்சரசம் வருகிறது. சுத்தம், சுகாதாரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "என்கிட்ட ஒரே ஒரு பாத்திரந்தான் இருக்கு" என்று எந்த ஐயரும் இனி யாரிடமும் சொல்ல முடியாது.

மன்னிப்பை நான் தூரத்திலிருந்து மெச்சியதும் உண்டு. 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் மிஷனெரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும், பத்தும் ஆறும் வயதான அவருடைய இரண்டு பிள்ளைகளையும் ஜீப்பில் தூங்கும்போது எரித்துக் கொன்றார்கள். அவர் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அந்தக் கொலைகாரர்களை மன்னித்தேன் என்றார். சொன்னதோடு போகாமல், தொழுநோயாளர்களுக்குச் செய்துவந்த ஊழியத்தில் அங்கேயே இன்னும் சில வருஷம் இருந்தார். பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நான் வெளிப்படையாக அழுதேன். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஆயினும் அவ்வளவு தூரத்தில் ஒரு விதவை செய்ததை எண்ணி அழ முடிந்த எனக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் இருமுகிற தம்பியின் பெயரைச் சொல்லி ஜெபிக்க முடியவில்லை. அவன் ராத்திரிகளில் இருமுவது எனக்குக் கேட்கிறது. அப்பாவுக்கு இருந்த அதே இருமல்.

பழைய ஜெபபுத்தகத்தின் அந்த விதியில் முன்பு நான் கவனிக்காத ஒரு பகுதி இருக்கிறது. பகைத்த இருவரில் ஒருவன் மனப்பூர்வமாக மன்னிக்கத் தயாராகி, மற்றவன் பிடிவாதமாக நின்றால், தயாரானவனைக் குருவானவர் சேர்த்துக்கொள்ள வேண்டும். மற்றவனுக்காக அவன் காத்திருக்க வேண்டியதில்லை. தம்பி முதலில் வரட்டும் என்று நான் காத்திருந்த வருஷங்களுக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை.

அம்மாவின் ஆஸ்பத்திரி பில்களை ஒரு நீல ஃபைலில் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். நேற்று அவற்றை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். நாளை திருவிருந்து ஞாயிறு. தம்பி இடது பக்கம் ஐந்தாவது வரிசையில், ஜன்னலோரம் உட்காருவான் என்று கேள்வி. ஏழு மணி ஆராதனைக்கு முதல் மணி ஆறரைக்கு அடிக்கும்.