384 சார்

வாய்மொழித் தேர்வு அறைக்குள் 384 சார் நுழைந்தால் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலி தானாகக் காலியாகும். ஆய்வேட்டைத் திறக்க மாட்டார். ஒரு கையால் தூக்கிக் கனம் பார்ப்பார். பிறகு அந்தக் கேள்வி வரும்.

"சாம்பிள் எத்தனைம்மா?"

இந்தத் தடவை மாட்டியது, போடியிலிருந்து விடியுமுன்னே ஜீப்பில் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களைப் பற்றி எழுதிய பிள்ளை.

"இருபத்திரண்டு பேர் சார்."

"ரெண்டு ஜீப்பு ஆளு! இதை வச்சா பிஎச்.டி.? மத்தவங்க எங்கம்மா?"

மத்தவர்கள் என்றால் 362 பேர். கழித்தல் சாருக்கு நொடியில் வரும்.

அந்த 384 ஒன்றும் அவர் கற்பனை இல்லை. 1970-ல் கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் வெளியிட்ட அட்டவணையில் உள்ளது. 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை என்று வைத்துக்கொண்டால், ஜனத்தொகை பத்து லட்சமே ஆனாலும் குலுக்கல் முறையில் எடுத்த 384 பேர் போதும். அருமையான கணக்கு. எத்தனை சதவீதம் பேர் ஜீப்பில் போகிறார்கள் என்று அறிய உதவும். வாங்கிய முன்பணம் தீராமல் ஒருத்தி எப்படி வருஷக்கணக்காக அதே ஜீப்பில் ஏறுகிறாள் என்பதற்கு அந்த அட்டவணையில் கட்டம் கிடையாது. போகட்டும், 'குலுக்கல்' என்கிற சங்கதியையாவது சார் ஞாபகம் வைத்திருக்கலாம். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு குலுக்கலை மலையேற்றி விட்டுவிட்டார்.

தேர்வு அறையோடு விட்டாலும் பரவாயில்லை. பந்தியில் "ரசம் நல்லாருக்கு" என்று பக்கத்து இலைக்காரர் சொன்னால், "இந்த வரிசையில எத்தனை பேருக்கு?" என்பார். ஒருநாள் டீக்கடையில் ஒரு பெரியவர், 2010 கடைசியில் நின்ற மதுரை ரயில் 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பி வந்தது, நடுவில் பட்ட பாடு கொஞ்சமா என்று ஆரம்பித்தார்.

"ஒருத்தர் சொன்னா அது தரவு இல்லீங்க. அபிப்ராயம்" என்றார் சார்.

"ரயிலு வரலைங்கிறதுல என்னய்யா அபிப்ராயம்?"

சார் டீயைக் குடித்தார்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஊரோடு ஊராகப் பழகி ஆனந்த் பாண்டியன் 2009-ல் 'க்ரூக்கட் ஸ்டாக்ஸ்' என்ற புத்தகம் கொண்டுவந்தார். நல்லவேளை, அவருக்குச் சார் தேர்வாளர் இல்லை. எம்.என். ஸ்ரீநிவாஸ் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ராம்புரா கிராமத்தைப் பற்றிப் பாடுபட்டுத் தொகுத்த குறிப்புகள் 1970-ல் ஸ்டான்ஃபோர்டில் தீயில் போய்விட, பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதி 1976-ல் புத்தகமாக்கினார். சார் இருந்திருந்தால் சாம்பலை எண்ணச் சொல்லியிருப்பார்.

"பேட்டி ஆய்வுக்குத் தரம் பார்க்க அளவுகோல் ஏது?" என்பது அவருடைய இன்னொரு வசனம். ஏன் இல்லாமல்? 2007-ல் வந்த கோரெக் பட்டியலில் 32 அம்சங்கள் இருக்கின்றன. பேட்டி எடுத்தது யார், எந்த இடத்தில், பக்கத்தில் வேறு யாராவது இருந்தார்களா, எழுதியதைச் சொன்னவர்களிடமே திரும்பக் காட்டினீர்களா என்றெல்லாம் கேட்கிறது. ஏல மலைக்கென்றே எழுதிவைத்த மாதிரி. பக்கத்தில் கங்காணி நின்றால் கூலி எப்போதும் 'திருப்தி'தான். அந்தப் பிள்ளை ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறது. எழுதியதை மறுபடி எடுத்துப்போய் வாசித்துக் காட்டி, இரண்டு பேர் "இப்படி நான் சொல்லலை தாயி" என்றதும் திருத்தியிருக்கிறது. இதில் ஒன்றையாவது சார் கேட்டாரா? கேட்கவில்லை. 384 படிவங்களை விடுதி அறையில் உட்கார்ந்து, பேனா நிறத்தை மாற்றி மாற்றி நிரப்பியவனுக்கு மட்டும் கைகுலுக்கல் கிடைக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கலப்பு முறை ஆய்வு என்றால் சாருக்கு மறுப்பில்லை. 384 படிவத்தைப் பரிமாறிவிட்டு, இலையோரத்தில் ஊறுகாய் மாதிரி நாலு பேர் பேச்சை வைத்தால் போதும். படிவம் 'திருப்தி' என்று சொல்லி, அந்த நாலு பேர் 'கடன்' என்று சொன்னால்? 2018-ல் திருத்தி வெளிவந்த எம்.எம்.ஏ.டி. என்ற மதிப்பீட்டுக் கருவி, இந்த முரண்பாட்டுக்கு ஆய்வாளர் முகம் கொடுத்தாரா என்றே கேட்கிறது. சாரிடம் சுலபமான வழி இருக்கிறது: "அந்த நாலை எடுத்துரும்மா."

இத்தனையும் சொன்னாலும் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனால் எனக்குக் கோபம் நிற்பதில்லை. மேலே கொஞ்சம் ஏலத் தோட்டம் வைத்திருக்கிறார். ஏலக்காய்க்கு எண் இல்லாமலா? உயர்ந்த ரகம் 7 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்க வேண்டும், லிட்டருக்கு 435 கிராம் இருக்க வேண்டும். அதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் ஏல மையத்துக்குப் போகுமுன் யாராவது காகிதத்தில் ஒரு கை காய் மடித்துக்கொண்டு வந்தால், தராசு பக்கமே போக மாட்டார். உள்ளங்கையில் உருட்டுவார், ஒன்றைப் பிதுக்கி முகர்வார், விதையைக் கடிப்பார். "காய வைக்கிற ஸ்டோர்ல அவசரப்பட்டுச் சூட்டை ஏத்திட்டான். பச்சை போச்சு. பிஞ்சும் கலந்திருக்கு." கொண்டுவந்தவர் மறுப்பதே இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

"எத்தனை காய் பாத்தீங்க சார்?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"ஒரு கை போதும்யா. கண்ணு பழகியிருக்கணும்."

அந்தப் பிள்ளைக்குப் பட்டம் கிடைத்தது. 'ஆய்வின் வரம்புகள்' பகுதியில், சாம்பிள் போதாது என்று ஒரு பத்தி எழுதிச் சேர்த்த பிறகு. அடுத்து வருகிற பையன், வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் மூன்று கங்காணிகளின் வாழ்க்கை வரலாற்றைப் பதிவு செய்திருக்கிறான். சாருக்கு ஏடு போய்ச் சேர்ந்த அன்று ராத்திரியே அவனுக்குப் போன் வந்துவிட்டது.

"தம்பி, மத்த 381 பேரு எங்கய்யா?"