ஒரே கட்டக்காரர்

எக்ஸெல் தாளில் 16,384 காலம் இருக்கிறது. எங்கள் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் சாருக்கு முதல் காலமே தாராளம். பெயர், கதவு எண், போன், பராமரிப்புப் பாக்கி, வீட்டில் நாய் உண்டா இல்லையா, அத்தனையும் ஒரே கட்டத்துக்குள் காலை நேரத்து டவுன் பஸ் மாதிரி படியில் தொங்கும்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பிரிச்சுக் குடுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

ரெண்டு நிமிஷ வேலைதான். டேட்டா மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' போய், கமா இருக்கும் இடத்தில் வெட்டு என்றால் வெட்டிவிடும். கமா இருந்தால்! முதல் வீட்டுக்குக் கமா போடுவார். அடுத்த வீட்டுக்குக் கோடு. மூன்றாவது வீட்டுக்குள் ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்துத் தட்டி, அந்தக் கட்டத்திலேயே மாடி எழுப்பியிருப்பார். நான்காவதில் வெறும் இடைவெளி. சரி, இடைவெளியில் வெட்டலாம் என்றால் 'வெங்கட்ராமன் கே எஸ்' மூன்று காலத்தில் பாகப்பிரிவினை ஆகிறார். 'கே.எஸ்.வெங்கட்ராமன்' மட்டும் கூட்டுக்குடும்பமாக நிற்கிறார். இருவரும் ஒரே ஆள். பட்டியலில் இரண்டு முறை வருவார்.

வெட்டிய பிறகாவது நிம்மதி உண்டா? 7/3 என்ற கதவு எண்ணை எக்ஸெல் மார்ச் 7 ஆக்கிவிட்டது. 044-ன் முன்சுழியைத் தின்றுவிட்டது. கடைசிப் படியில் அந்தக் காலத்தை 'டெக்ஸ்ட்' என்று குறிக்க மறந்தது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி பதினொன்றரைக்கு எவனுக்கு ஞாபகம் இருக்கும்? காலம் பிரித்தே என் காலம் போகிறது.

ஒருவழியாக 64 வீட்டையும் ஐந்து காலத்தில் அடுக்கிக் கொடுத்தேன். பார்த்ததும் சார் முகம் சுருங்கியது.

"என்ன தம்பி, எல்லாம் சிதறிக் கிடக்கு?"

மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, 'மெர்ஜ் அண்ட் சென்டர்' அழுத்தினார். முதல் கட்டம் மட்டுமே மிஞ்சும் என்று எக்ஸெல் எச்சரித்தது. எச்சரிக்கையைப் படிக்கிற ஜாதியா அவர்? ஓகே. சேவ். மூடியும்விட்டார்.

திறந்து பார்த்தால் தாளின் நட்டநடுவில் ஒரே ஒரு பெயர். அவருடையதுதான்.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அவர் அசரவில்லை.

"இதுக்கா இடிஞ்சு போறீங்க? எழுதிக்குங்க" என்று கண்ணை மூடிக்கொண்டு, 64 வீட்டையும் போன் நம்பர், பாக்கி, நாய் சகிதம் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். ஒரு இலக்கம் பிசகவில்லை.

அந்த வேகத்துக்கு நான் எங்கே காலம் மாற்றுவது? எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில்தான் அடித்தேன்.