துண்டைப் போடு, விரலைப் பிடி

வா தாயி, இப்படித் திண்ணையில உக்காரு. ஆர்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி.ன்னு நாலு இடத்துக்கு விண்ணப்பம் போடப் போறியாமே? உங்கப்பன் சொன்னான். சொல்லும்போது அவன் மீசை தானா மேலே போச்சு. செலவு எம்புட்டுடான்னு கேட்டேன். மீசை கீழே இறங்கிருச்சு.

நான் நாலாங்கிளாசு தாண்டாதவன். ஆனா நாப்பது வருசம் மாட்டுத் தரகு பாத்தவன். நீ ராத்திரி ராத்திரி சத்தம் போட்டுப் படிச்சதையெல்லாம் கட்டில்ல படுத்துக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். தூங்குறேன்னு நினைச்சிருப்ப. கேக்கக் கேக்க எனக்கு ஒண்ணு தெளிஞ்சு போச்சு. இது நம்ம சந்தைதான். கடலுக்கு அந்தப் பக்கம் கூடுது, அம்புட்டுத்தான்.

நம்ம ஊர்ல இஞ்சினீயர் காலேசுக்குக் கட் ஆஃப் இருக்கு. 200க்கு இத்தனைன்னா உள்ளே, அரை மார்க்கு குறைஞ்சா வெளியே. அழுதாலும் கணக்குத் தெரிஞ்சு அழலாம். அங்கே அப்படியா? சாட் பரீட்சையில 1600க்கு 1580 வாங்கினவன் வாசல்ல நிப்பான், 1500 வாங்கினவனைக் கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போவாங்க. ஏன்யான்னு கேட்டா, ‘நாங்க மார்க்கை மட்டும் பாக்கிறதில்லை, முழு ஆளையும் பாக்கிறோம்’பாங்களாம். பாத்தியா? துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடிச்சு விலை பேசுறது! சுத்தி நிக்கிற ஒருத்தனுக்கும் விலை தெரியாது.

2024ல ஆர்வர்டு வாசல்ல நின்னவங்க 54,000 பேருக்கு மேல. உள்ளே போனது 2,000 பேர்கூட இல்லை. எம்.ஐ.டி.யில வெளிநாட்டுப் பிள்ளைன்னா நூத்துக்கு ரெண்டு தேறினாப் பெருசு. நல்லாப் படிச்சாக் கிடைக்குமா தாத்தான்னு கேக்குற. கிடைக்கும் தாயி, தாராளமாக் கிடைக்கும். நல்லாப் படிச்ச அம்புட்டுப் பேருந்தான் அந்த வரிசையில நிக்கான்.

சூட்சுமம் என்னன்னா, அவங்க ஒரு மாடு வாங்க வரலை, தொழுவத்தை நிரப்ப வர்றாங்க. உழவுக்கு ஒண்ணு, வண்டிக்கு ஒண்ணு, பாலுக்கு ரெண்டு. பந்து விளையாட ஒருத்தன் வேணும், பீப்பி ஊத ஒருத்தன் வேணும், சில இடத்துல அங்கேயே படிச்ச அப்பனுக்குப் பிறந்தவனும் வேணும். இன்னைக்கு அவங்களுக்கு வண்டி மாடுதான் குறைன்னா, நீ பத்துப் படி கறந்தாலும் பிரயோசனமில்லை.

பேரைக் கேட்டு மிரளாதே. யேல் யாருன்னு நினைச்ச? எலிகு யேல்னு ஒருத்தன். நம்ம மெட்ராசுக் கோட்டையில 1687ல இருந்து 1692 வரைக்கும் கவர்னரா இருந்தவன். சொந்த வியாபாரத்துல கொழுத்துட்டான்னு கும்பினிக்காரனே பதவியை விட்டு இறக்கிட்டான். 1718ல அமெரிக்காவுல ஒரு சின்னக் காலேசுக்கு 9 பொதி சரக்கு, 417 புத்தகம், ராசா படம் ஒண்ணு அனுப்பி வச்சான். சரக்கு 562 பவுனுக்குப் போச்சு. உடனே காலேசுக்கு அவன் பேரு! அவன் கட்டுரை எழுதலை, பரீட்சை எழுதலை, பொதி கட்டினான். நம்மகிட்டே பொதி இல்லாததால நீ கட்டுரை எழுதுற.

காசுக்கு வருவோம். ஆர்வர்டுல வருசத்துக்கு 80,000 டாலருக்கு மேல. நம்ம காசுக்கு 70 லட்சம் வாக்குல. நம்ம நிலம், தொழுவம், உங்கப்பன் மீசை எல்லாம் வித்தாலும் முத வருசம் தாண்டாது. ஆனா நீ சொன்ன நாலு இடமும், கூட ஆம்கர்ஸ்டும், பையைத் தடவிப் பாக்காமச் சேப்பாங்களாம். சேத்த பிறகு நம்மால முடியாததை அவங்களே போட்டுக்குவாங்களாம். 2022ல டார்ட்மத்தும் போடினும் அந்தக் கூட்டத்துல சேந்துச்சு. மத்த இடம் நிறையது அப்படி இல்லை. ஸ்டான்ஃபோர்டுல வெளிநாட்டுப் பிள்ளை உதவி கேட்டா, அதையும் ஒரு கணக்கா வச்சுத்தான் எடை போடுவாங்க. சரி, இப்போ கேக்க வேண்டாம், உள்ளே போயிக் கேட்டுக்கலாம்னு கெட்டிக்காரத்தனம் பண்ணினா, அப்புறம் எப்பவும் கிடையாதுன்னுருவாங்க. அதனால பேரைப் பாத்துப் பட்டியல் போடாதே, பையைத் தடவாதவன் யாருன்னு பாத்துப் போடு.

அந்த உதவி கேக்க சி.எஸ்.எஸ். புரொஃபைல்னு ஒரு படிவமாம். உங்கப்பன் இருவது வருசமா என்கிட்டே மறைச்ச வருமானத்தை அதுல ஒரே ராத்திரியில வரி வரியா எழுதியிருக்கான். பெத்தவன் கேட்டா வராத உண்மை, அமெரிக்காக்காரன் கேட்டா வருது.

இன்னொண்ணு, ‘எர்லி டிசிஷன்’. நம்ம பாசையில அச்சாரம். பிரவுன், கார்னெல் மாதிரி இடத்துல நவம்பர் 1க்குள்ள கொடுக்கிறது. அச்சாரம் கொடுத்துட்டா அந்த ஒரு இடந்தான். அவங்க கூப்பிட்டா மத்த சந்தைப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது. கொடுக்கிற உதவி பத்தலைன்னா மட்டும் கயித்தை அவுத்து விடுவாங்க. நாலு பேர்கிட்டே அச்சாரம் கொடுக்கிற வேலை எனக்கு நல்லாத் தெரியும், அதனாலதான் சொல்றேன், வேண்டாம்.

இப்போ உன் கட்டுரை. 650 வார்த்தை. மாட்டுக்குச் சுழி பாக்கிற மாதிரி, உனக்குன்னு உள்ள அடையாளம் எங்கேன்னு அதுலதான் தேடுவாங்க. நீ என்ன எழுதியிருக்க? ‘சிறுவயதிலிருந்தே உலகை மாற்றும் கனவு’. தாயி, நேத்து உன் போர்வையை மடிச்சு வைன்னு உங்காத்தா மூணு தடவை சொன்னா.

வாத்தியார் சிபாரிசுக் கடுதாசியையும் நீ வாசிக்கக் கேட்டேன். ‘இந்தக் கடுதாசியை நான் எப்பவும் பாக்க மாட்டேன்’னு ஒரு இடத்துல டிக் அடிச்சிருக்க. அடிக்கலாம், நல்லதுதான். ஆனா கடுதாசியை எழுதினதே நீதானே? வாத்தியார் கையெழுத்து மட்டுந்தானே போட்டாரு? மாடே விலை பேசினா தரகன் எதுக்கு? போயி அவரையே எழுதச் சொல்லு. இங்கிலீசு கொஞ்சம் நொண்டினாலும் அவரோட நொண்டலா இருக்கும்.

அப்புறம், படிப்புக்கு வெளியே நீ செஞ்சதையெல்லாம் எழுதுற அந்தப் பத்து வரிப் பட்டியல். வரிக்கு 150 எழுத்துதானாம். முதல் வரியில ஒரு தொண்டு நிறுவனம். தலைவி நீ, செயலாளர் உன் தம்பி. உறுப்பினர் நம்ம நாயா?

சந்தைக்கு வர்ற மாட்டுக்குக் கொம்பு சீவி எண்ணெய் தடவுறது தப்பில்லை. உப்பைத் தின்ன வச்சு, தண்ணி காட்டி, வயித்தை உப்ப வைக்கிறான் பாரு, அது தப்பு. 2019ல அமெரிக்காவுலயே பிடிச்சாங்க. பெரிய வீட்டுப் பிள்ளைகளை, ஆடாத ஆட்டத்துக்கெல்லாம் வீரன் வீராங்கனைன்னு படத்தை வெட்டி ஒட்டி உள்ளே விட்டிருக்கான் சிங்கர்னு ஒரு தரகன். மூணரை வருசம் செயில். என் தொழிலுக்கே கெட்ட பேரு. அது கிடக்கட்டும், 2024ல பென்சில்வேனியாவுல நம்ம நாட்டுப் பையன் ஒருத்தன் மாட்டினான். கல்விச் சலுகைக்காக, உசுரோட இருக்கிற அப்பன் செத்துட்டான்னு சான்றிதழ் தயார் பண்ணியிருக்கான். உங்கப்பன் மேல எனக்கும் கோவம் உண்டு தாயி. ஆனாலும் அந்த அளவுக்கு வேண்டாம்.

ஆங், பட்டியல்ல ஏழாவது வரி. ‘கிராமப்புறக் கால்நடைச் சந்தைத் தரவு ஆலோசகர்’. யாரு தாயி அது? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். அப்புறந்தான் பிடிபட்டுச்சு. ஏழாங்கிளாசுல இருந்து சனிக்கிழமை சனிக்கிழமை என்கூடச் சந்தைக்கு வந்து, யாரு எம்புட்டுக் கொடுத்தான், யாரு பாக்கின்னு சிகப்பு நோட்டுல எழுதினியே, அதுதானே? மழை அடிச்சப்ப நோட்டைப் பாவாடைக்குள்ள வச்சுக்கிட்டு நீ நனைஞ்சியே, அதுதானே? அந்த நோட்டு இல்லைன்னா என்னை மூணு பேரு ஏமாத்தியிருப்பான். நானும் ரெண்டு பேரை ஏமாத்தியிருப்பேன்.

வெட்கப்பட்டு அதுக்குச் சட்டை மாட்டி விட்டிருக்க. கழட்டு. ‘தாத்தாவின் மாட்டுத் தரகுக் கணக்கை ஆறு வருசம் எழுதினேன்’னு போடு. வீட்டு வேலை, குடும்பப் பொறுப்பு இதையெல்லாம் எழுதலாம்னு அந்தப் படிவமே சொல்லுதுன்னு நீதானே வாசிச்ச? அதை ஏழாவதுல இருந்து மேலே ஏத்து. கட்டுரையையும் அங்கே இருந்து ஆரம்பி. உலகத்தை அப்புறமா மாத்திக்கலாம்.

பதில் மார்ச்சு மாசத்துல வருமாம். வரலைன்னா அழு, ஒரு நாள் அழு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. விலை போகாமத் திரும்புற மாடெல்லாம் சொத்தை மாடு இல்லை. அன்னைக்கு வந்தவன் தொழுவத்துல அதுக்கு இடமில்லை. நான் எனக்குன்னு வாங்கின மாடெல்லாம் சாயங்காலம் சந்தை கலையும்போது, திரும்பிப் போற வழியில பிடிச்சதுதான். இதை எந்தத் தரகனும் சொல்ல மாட்டான்.

சரி, இம்புட்டுப் பேசினதுக்குத் தரகுக் காசு? துண்டைப் போடு, விரலைப் பிடி. சத்தமாச் சொல்லாதே, உங்கப்பன் காதுல விழுந்துறப் போகுது. இப்பத்தான் மீசை கொஞ்சம் மேலே வருது.