மாலையிட்ட கையே கழற்றுமாம்

1857-ஆம் ஆண்டில் ஸ்தாபிதமான பம்பாய் சர்வகலாசாலைக்கு உபவேந்தர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது ஏறக்குறைய ஒரு சுயம்வரம்: அறிஞர் குழுவொன்று கூடி, மனுப் போட்டவர்களைச் சலித்து, மிஞ்சிய சிலருடைய ஜாபிதாவை வேந்தராகிய கவர்னரிடம் சமர்ப்பிக்க, அவர் ஒருவர் கழுத்தில் மாலையிடுவார். ஆனால் சுயம்வரத்தில் இல்லாத சௌகரியமாக, இட்ட மாலையைக் கழற்றவும் சட்டம் அவருக்கே அதிகாரம் அளித்திருக்கிறது.

2015-இல் இவ்விதம் வரிக்கப்பட்ட பேராசிரியர் சஞ்சய் தேஷ்முக், இரண்டே வருஷத்தில், பதினேழு லட்சத்துக்கு மேற்பட்ட விடைத்தாள்களைச் சிவப்புப் பென்சிலின் பிடியிலிருந்து விடுவித்துக் கணினித் திரையில் திருத்த ஏற்பாடு செய்தார். தாள்கள் திரைக்குள் சென்றனவேயன்றி மதிப்பெண்கள் வெளிவரக் காணோம். மேற்படிப்புக்கு மனுப் போட வேண்டிய தாராவிப் பையன்களும் மாதுங்கா, செம்பூர்ப் பெண்களும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

ஜூலை 31-க்குள் முடிக்க வேண்டும் என்று கெடு விதித்த வேந்தர், அவ்வாண்டு பிப்ரவரியில் தமிழ்நாட்டு முதல் மந்திரி யார் என்று சென்னையே தவித்துக்கொண்டிருக்கையில் அந்த மாகாணத்துக்கும் பொறுப்பு கவர்னராக இருந்துகொண்டே பம்பாயில் நிதானமாக வீற்றிருந்த அதே வித்யாசாகர் ராவ்தான். அன்னாருக்கே பொறுமை போயிற்றென்றால் தாமதத்தின் யோக்கியதையை இங்குள்ள தமிழர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. கெடுவும் கடந்தது. அக்டோபர் 24-இல் மாலை கழன்றது.

மறு வருஷம் பேராசிரியர் சுகாஸ் பெட்ணேகர் வந்தமர்ந்தார். திரைக்கு மட்டும் பணிநீக்க உத்தரவு எதுவும் பிறக்கவில்லை.