மேன்மை தங்கிய லோடிங் இசைப் பிரிவுக்கு

பெறுநர்: லோடிங் திரை இசைப் பிரிவு, பெயரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பக்கூடிய வீடியோ கேம் நிறுவனம்.

அனுப்புநர்: முடக்கப்பட்ட கணக்கின் சொந்தக்காரன், பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

ஐயா, அம்மா, அல்லது தானாகப் பதில் அனுப்பும் இயந்திரமே,

தங்கள் மேல் எனக்குள்ள மரியாதை இந்த நிமிடம் வரை 99 சதவிகிதம் ஏறியிருக்கிறது. மீதி ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து காத்திருக்கவும்.

போன வாரம் தாங்கள் அனுப்பிவைத்த அப்டேட் ராத்திரி முழுக்க என் டேட்டாவைத் தின்று இறங்கியது. காலையில் திறந்தால் லோடிங் திரையில் நான் வைத்திருந்த இசையைக் காணோம். பழையபடி தங்கள் வயலின் கூட்டம் இழுத்துக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு: நான் ஏமாற்றுக்காரனாம், கணக்கு முடக்கமாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மாமா, நீ சீட்டிங்கா?" என்றான். பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

சுவருக்குப் பின்னால் நிற்கிறவனைப் பார்க்கும் கள்ள வேலை எதையும் நான் செய்யவில்லை. நான் சுடுகிற லட்சணத்தைப் பார்த்தவர் யாருக்கும் அந்தச் சந்தேகம் வராது. ஒரே ஒரு ஆடியோ ஃபைலை எடுத்துவிட்டு, அதே பெயரில் வேறொன்றை வைத்தேன். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் போனில் பிடித்த களரி கட்டு அது. மிருதங்கம், தாளம், ஹார்மோனியம் எல்லாம் சேர்ந்து கிளம்ப, அவற்றுக்கு மேலே முகவீணைக் குழல் ஏறி நிற்கும். வேஷக்காரர் உள்ளே கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி முடிக்கிற வரைக்கும் ஊரை எழுந்து போகவிடாமல் பிடித்து வைக்க வந்த இசை. பிறகு இரண்டு பேர் திரையைப் பிடிப்பார்கள், பின்னால் துரியோதனன் பாடுவான், கிரீடம் மட்டும் மேலே தெரியும். அதாவது, மன்னன் 99 சதவிகிதம். அந்த நேரத்தில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வெளியே நின்று அவனையே கிண்டலடித்துக்கொண்டிருப்பான்.

தங்கள் துறையைச் சேர்ந்த நாம்கோ, லோடிங் நேரத்தில் குட்டி விளையாட்டு காட்டும் உத்திக்கு 1998-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது. 2015-ல் அது காலாவதியாகும் வரை மற்றவர்கள் அந்தப் பக்கம் போகத் தயங்கினார்கள். அதே வேலையைச் செய்கிற எங்கள் கட்டியங்காரனுக்குக் காப்புரிமை வாங்கித் தர அமெரிக்காவில் ஆள் இல்லாமல் போய்விட்டது.

காத்திருப்பது எப்படி என்று எங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே 1906-ல் ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். புதுப் பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதுவும் லோடிங்தான்; வயலின் மட்டும் இல்லை.

2005-ல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் விளையாட்டு, நம் பாட்டுகளைப் போட்டுக்கொள்ள ஒரு ஃபோல்டரையே ஒதுக்கி வைத்திருந்தது. வண்டியில் ஏறினால் ரேடியோவில் நம் பாட்டு. ஜிடிஏ ஆன்லைன் உள்ளே போக ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று 2021-ல் ஒரு ரசிகர் நிரலைக் குடைந்து பார்த்தார். தவறைக் கண்டுபிடித்து, தன் கம்ப்யூட்டரில் காத்திருப்பை ஏறக்குறைய 70 சதவிகிதம் குறைத்தும் காட்டினார். அதை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் அவரை முடக்கவில்லை. 10,000 டாலர் பரிசு கொடுத்து, அந்தத் திருத்தத்தை எல்லோருக்கும் அனுப்பியது. நான் டாலர் கேட்கவில்லை. காத்திருப்பைக் குறைக்கவும் இல்லை. தாங்கள் காக்க வைக்கிற நேரத்தைக் காது வலிக்காமல் கழித்தேன், அவ்வளவுதான்.

விளையாட்டு முழு விலைக்கு வாங்கியது. கம்ப்யூட்டர் என்னுடையது, கரண்ட் பில் என்னுடையது, காது என்னுடையது. அந்த ஃபைலால் எதிரே ஆடுகிறவனுக்கு ஒரு குண்டாவது குறைந்ததா? நிஜமாகவே சுவரைத் தாண்டிப் பார்க்கிறவன் நேற்று ராத்திரிகூட ஆடிக்கொண்டிருந்தான். அவனைப் பிடிக்க வக்கில்லை, முகவீணையைப் பிடித்துவிட்டீர்கள். அதைக் கேட்டு எழுதினால், "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று பதில் வருகிறது. யாருக்கு வேண்டும் உங்கள் நன்றி?

மன்னிக்கவும், நெட் கொஞ்சம் தடுமாறிவிட்டது. மீண்டும் 99 சதவிகிதத்துக்கு வந்துவிட்டேன். தங்கள் வயலின் மிக அருமை. முதல் தடவை கேட்டபோது எனக்கே கண் கலங்கியது. அதற்கப்புறமும் கலங்குகிறது, காரணம்தான் வேறு.

கணக்கைத் திறந்துவிடுங்கள். செட்டிங்ஸில் 'லோடிங் இசை: எங்களுடையது, உங்களுடையது' என்று ஒரு பொத்தான் வையுங்கள். அக்கா மகன் காணும்படி, நான் சீட்டிங் இல்லை என்று தமிழில், பெரிய எழுத்தில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள (99%) வாடிக்கையாளன்.

பி.கு.: போன தீபாவளிக்கு 'இந்தியச் சிறப்பு இசை' என்று சித்தாரும் தபலாவும் போட்டீர்கள். இந்த வருஷமும் அந்த எண்ணம் இருந்தால் முகவீணைக்காரரின் நம்பர் என்னிடம் இருக்கிறது. விடிய விடிய வாசிப்பார். பேரம் பேசாதீர்கள், சாப்பாடு தனி.